ஜெபச் சங்கிலி

போன வாரம் கார்லீனை நாம் விட்டுவிட்டு வந்தது அவள் சிநேகிதி நோரீன் வீட்டுச் சமையலறையில். முன்னால் இருந்த காபி ஆறிப்போயிருந்தது. கண் கலங்கியிருந்தது. ஒரு விஷயம் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றிருந்தது. சொல்வாளா மாட்டாளா என்று ஒரு வாரம் காத்திருந்தவர்களை இன்னும் காக்க வைப்பது பாவம். சொல்லிவிட்டாள்.

"நோரீன், வெண்டெலுக்கு ஜெபிக்க வரமாட்டேங்குதாம். தனியா உக்காந்தா ஒரு வார்த்தைகூட வரலையாம். நீ மட்டும் அவருக்காக ஜெபம் பண்ணு. வேற யாருக்கும் தெரிய வேண்டாம்."

இவ்வளவுதான் சொன்னாள். நோரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உசிரே போனாலும் சொல்ல மாட்டேன்டி" என்றாள். அதைச் சொன்னபோது அவள் உண்மையாகத்தான் சொன்னாள்.

ஹோல்பர்ன் ஊர்ச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே சொல்ல முடியாத கவலை இருந்தால், புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் கையைத் தூக்கி, "சொல்லாத விண்ணப்பம் ஒண்ணு" என்றால் போதும். என்ன ஏது என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காமலே ஜெபிப்பார்கள். கார்லீன் அதைச் செய்திருக்கலாம். ஆனால் ஏதாவது ஒரு முகத்தைப் பார்த்துச் சொன்னால்தான் ஆறும் என்று சில கவலைகள் அடம்பிடிக்கின்றன.

அவள் கவலையும் சின்னதல்ல. அவள் கணவர் வெண்டெல் கதிர் அறுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். பழைய போதகர் ஓய்வு பெற்றுப் போனபிறகு சபைக்கு ஆள் கிடைக்கவில்லை. கான்சாஸ் கோதுமைக் காட்டு நடுவில் இருக்கிற சபைக்கு எந்த இளைஞன் வருவான்? "ஞாயிறு வகுப்பு எடுக்கறவர்தானே, நீங்களே படிச்சிட்டு வந்து நில்லுங்க வெண்டெல்" என்றார்கள். வேலை முடிந்து, கையில் கிரீஸ் போகக் கழுவிவிட்டு, சாயங்கால வகுப்புக்கு வண்டி ஓட்டிப் போய் வருஷக்கணக்கில் படித்தார். படிப்பின் கடைசிப் பாடம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு உட்கார்ந்து ஜெபிப்பது. அங்கேதான் அது நடந்தது. அதற்கப்புறம் அவருக்குள் ஏதோ ஒன்று நின்றுபோனது. போன வாரம்தான், தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது, முகத்தைத் திருப்பாமலே அதைக் கார்லீனிடம் சொன்னார்.

இன்றைக்கு சனிக்கிழமை. சுற்றுவட்டாரச் சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் குழுவாகக் கூடி வெண்டெலை முன்னால் உட்கார வைத்துக் கேள்வி கேட்கப்போகிறார்கள். குழு சரியென்றால் நாளைக்கே அவரைப் போதகராக்கும் அபிஷேக ஆராதனை. இல்லையென்றால் ஹோல்பர்ன் சபைக் கதவைப் பூட்டிவிட்டு அடுத்த ஊர்ச் சபையோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்று மேலிடம் முன்பே சொல்லிவிட்டது.

வெண்டெல் கண்ணாடி முன்னால் நின்று டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கழுத்துப் பட்டைய கண்டுபிடிச்சவன மட்டும் பரலோகத்துல பாத்தேன்னா..."

"அவன் பரலோகத்துல இருக்க மாட்டான். இங்க திரும்பு" என்று கார்லீன் முடிச்சைச் சரிசெய்தாள்.

வாசலில் கார் வந்து நின்றது. விசிட்டாவில் நர்ஸாக வேலை பார்க்கும் மகள் ஷெல்பி வந்துவிட்டாள். ஷெல்பி சர்ச்சுக்குப் போவதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. ஆனால் அப்பாவுக்கான நாள் என்றால் வராமல் இருக்க மாட்டாள். வந்ததும் வராததுமாக அப்பாவைக் கட்டிக்கொண்டாள். "என்னப்பா, சவப்பெட்டி விக்கறவர் மாதிரி இருக்கீங்க" என்றாள். அவர் சிரித்தார். வண்டியைத் துடைக்கிறேன் என்று வெளியே போனார்.

கதவு சாத்தியதும் ஷெல்பியின் சிரிப்பு நின்றது. கைப்பேசியை எடுத்து அம்மா முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்னம்மா?"

கார்லீன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள். ஜெபச் சங்கிலிக்கு அவசர விண்ணப்பம். சகோதரர் வெண்டெலுக்காக ஜெபியுங்கள். ஆவிக்குரிய வறட்சி. ஜெபிக்க முடியாத நிலை. குழுவுக்கு முன்பாகக் கர்த்தர் அவரைச் சந்திக்கும்படி. கீழே கும்பிடுகிற கைகள் வரிசையாக நின்றன.

"உனக்கு எப்படி வந்துது?"

"நான்தான் சர்ச்சுக்குப் போறதில்ல. சங்கிலியிலேருந்து என் பேர யாரும் எடுக்கலையே. யாருக்குக் காலு உடைஞ்சாலும் எனக்கு வந்துடும்." ஷெல்பி குரலைத் தாழ்த்தினாள். "நீ சொன்னியா?"

கார்லீன் கண்ணாடியைக் கழற்றினாள். "நோரீன்கிட்ட மட்டும்தான்."

"நோரீன்கிட்ட மட்டும்! அம்மா, அந்தச் சங்கிலிக்குத் தலைவியே அவங்கதானே!"

இந்த ஊரில் வம்பு பேசுகிறவர்கள் கிடையாது. பேசினால் பாவம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஜெபிக்க வேண்டுமானால் என்னவென்று தெரிய வேண்டாமா? அதனால் இங்கே எதுவாக இருந்தாலும் ஜெபக் குறிப்பாகத்தான் வெளியே வரும். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு என்று சங்கிலியாக, வயதானவர்களுக்கு ஃபோனிலும் மற்றவர்களுக்குக் குறுஞ்செய்தியிலும் போகும். காலைச் சாப்பாடு முடிவதற்குள் ஊர் சுற்றிவிடும்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவரோட பழைய ஃபோன்ல இதெல்லாம் வராது."

"போறதுக்குள்ள சொல்லிடும்மா. அங்க உக்காந்து எவனோ சொல்லித் தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் கார்லீன் வண்டியில் ஏறினாள். ஷெல்பி தன் காரில் பின்னால் வந்தாள். அறுவடை முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும் மொட்டையாகக் கிடந்தன. தானியக் கிடங்கைத் தாண்டினால் சர்ச். அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"வெண்டெல்..."

"கார்லீன், ஒண்ணு சொல்லட்டுமா?" என்று அவரும் அதே நேரத்தில் ஆரம்பித்தார்.

"சொல்லு."

"உன்கிட்ட சொன்னப்புறம்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வருது. அவ்ளோ நாள் நெஞ்சுல கல்ல வச்ச மாதிரி இருந்துச்சு. ஒருத்தருக்காவது தெரியுதேன்னு இருக்கு." அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "நீ என்ன சொல்ல வந்த?"

"ஒண்ணுமில்ல. உருளைக்கிழங்கு சாலட்டுக்கு உப்பு போட்டேனான்னு ஞாபகம் இல்ல."

வேறு எவளாக இருந்தாலும் அந்த நேரத்தில் இதைத்தான் சொல்லியிருப்பாள். கார்லீனைத் திட்டுகிறவர்கள் முதலில் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சர்ச்சின் அடித்தளத்தில் பெண்கள் கூட்டம் ஏற்கெனவே கூடியிருந்தது. ஹாம் சாண்ட்விச், பீன்ஸ் கேசரோல், ஊறுகாய்த் தட்டு எல்லாம் நீள மேஜையில் வரிசையாக இருந்தன. பெரிய காபிப் பாத்திரம் மூலையில் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. 'வாழ்த்துகள், போதகர் வெண்டெல்' என்று நீல க்ரீமில் எழுதின கேக்கைப் பார்த்ததும் கார்லீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லோரும் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். எப்போதும் பிடிப்பதைவிடக் கொஞ்சம் நேரம் அதிகமாகப் பிடித்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஓபல் மட்டும் ஒரு பாத்திரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து நீட்டினாள். எண்பதைத் தாண்டின மனுஷி. சங்கிலியில் கடைசி ஆள்.

"கோழி சூப். மிளகு தூக்கலா போட்டிருக்கேன். வெண்டெலுக்குத் தொண்டை சரியில்லையாமே? வாயத் தொறந்து ஜெபிக்கக்கூட முடியலையாம். இத சூடா குடிக்கச் சொல்லு, சரியாப் போயிடும்."

ஷெல்பி வாயைப் பொத்திக்கொண்டு காபிப் பாத்திரத்தின் பக்கம் திரும்பினாள். கார்லீனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நன்றி ஓபல்" என்று வாங்கி வைத்தாள். அந்தச் சங்கிலியால் வந்ததில் ஒரு தீங்கும் செய்யாதது அந்த சூப் ஒன்றுதான்.

நோரீன் சாமான் அறையின் கதவோரத்தில் நின்று டிஷ்யூவைக் கசக்கிக்கொண்டிருந்தாள். கார்லீன் அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"நீ மட்டும்னு சொன்னேனா இல்லையா?"

"ஜெபத்துக்குத்தானே கார்லீன் சொன்னேன்? ஒருத்தி ஜெபிக்கறத விட ஊரே ஜெபிச்சா நல்லதுன்னு நெனச்சேன். நீ அழுதுட்டுப் போனப்புறம் எனக்கு ஒக்கார முடியல. ராத்திரி சாப்பாடே எறங்கல. நான் ஒருத்தி என்னத்த ஜெபிச்சுக் கிழிக்கப்போறேன்னு தோணிச்சு."

"நீ ஒருத்தி போதும்னுதானே உன்கிட்ட வந்தேன்."

நோரீன் அழுதாள். கார்லீனுக்குக் கோபம் வந்த வேகத்திலேயே வடிந்துவிட்டது. வடிந்ததும் அடியில் இருந்தது தெரிந்தது. நோரீன் செய்ததைத்தானே தானும் செய்தாள்? அவள் சங்கிலியில் போட்டாள். ஆனால் முதல் கண்ணி தான்தானே?

"குழுவ நடத்தற பெரிய போதகருக்கும் வந்திருக்குமா?" என்று கேட்டாள்.

"ஹார்லன் போதகரோட மனைவி நம்ம சங்கிலியிலதான் இருக்கா" என்று நோரீன் மூக்கைச் சிந்தினாள். "அந்தச் சின்னப் போதகர் பிரெட்டும்."

மேலே மணி அடித்தது. இனிச் சொல்ல நேரமில்லை.

ஆராதனை மண்டபத்தில், பிரசங்க மேடைக்குக் கீழே, வெண்டெல் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே அரை வட்டமாகக் குழு. நடுவில் ஹார்லன் டில்லி. தலை நரைத்த, காது மந்தமான, அந்த வட்டாரத்தில் பாதிப்பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பெரிய போதகர். அவருக்குப் பக்கத்தில் பிரெட். படிப்பு முடிந்து வந்த புதுசு. ஷூ பளபளத்தது. பின்னால் பெஞ்சுகளில் சபையார்.

கார்லீன் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஷெல்பி பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னியா?" என்று முணுமுணுத்தாள்.

கார்லீன் தலையாட்டினாள், இல்லையென்று. ஷெல்பி கண்ணை மூடிக்கொண்டாள்.

கேள்விகள் ஆரம்பித்தன. எப்போது மனந்திரும்பினீர்கள், ஊழியத்துக்கு அழைப்பு என்று எப்படித் தெரிந்தது, ஞானஸ்நானத்தைப் பற்றி என்ன நம்புகிறீர்கள், திருவிருந்தைப் பற்றி என்ன. வெண்டெல் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக, சுற்றி வளைக்காமல் பதில் சொன்னார். உலகத்தின் கடைசிக் காலத்தில் எது முந்தி எது பிந்தி நடக்கும் என்று பிரெட் நீட்டி முழக்கிக் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதுங்க. ரிப்பேருக்கு மிஷின் வந்தாகூட பிரிச்சுப் பாக்காம நான் வாயத் தொறக்கறதில்ல. இதப் பிரிச்சுப் பாக்க எனக்கு வழியில்ல."

மண்டபம் சிரித்தது. ஹார்லன், "நான் நாப்பது வருஷமா இதச் சொல்லத் தைரியம் இல்லாம இருந்தேன்" என்றார். மறுபடியும் சிரிப்பு. கார்லீனுக்கும் சிரிப்பு வந்தது. பெருமையாக இருந்தது. இந்த மனுஷன் இந்த நாற்காலிக்குப் பொருத்தமானவர்தான் என்று பட்டது. இது இப்படியே முடிந்துவிடட்டும் ஆண்டவரே என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

பிரெட் தொண்டையைச் செருமினார். இந்தத் தடவை வெண்டெலைப் பார்க்காமல் தன் முழங்காலைப் பார்த்துக் கேட்டார்.

"பிரதர் வெண்டெல், உங்க தனி ஜெபம் எப்படி இருக்கு?"

கார்லீன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. பெஞ்சு கிறீச்சிடுகிற சத்தம்கூட நின்றுபோனது. எல்லோரும் அவரவர் மடியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

வெண்டெல் சபையைப் பார்த்தார். இந்த மண்டபத்தில்தான் அவருக்குக் கல்யாணம் நடந்தது. இந்த மண்டபத்தில்தான் ஷெல்பியைத் தூக்கிக்கொண்டு வந்து சபை முன்னால் நின்றார். தான் இல்லையென்றால் இந்தக் கதவு பூட்டப்படும்.

"தினம் காலையில எந்திரிச்சதும் ஷெட்டுக்குப் போயிடுவேன். லைட்டு போடறதுக்கு முன்னாடி. அங்க பழைய டயர் ஒண்ணு கெடக்கும், அதுமேல உக்காந்துக்குவேன்."

"உக்காந்து, ஜெபிக்கறீங்க?"

"ஆமா."

ஒரே வார்த்தை. அதுவரைக்கும் சொன்னதெல்லாம் உண்மை. அந்த ஒரு வார்த்தை மட்டும் பொய். கட்டின நாளிலிருந்து அவர் பொய் சொல்லிக் கார்லீன் கேட்டதில்லை. அவள் செய்த சமையலைப் பற்றிச் சொன்ன சிலதைத் தவிர.

குழுவில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹார்லன் மட்டும் கார்லீனைப் பார்த்தார்.

குழு கலைவதற்கு முன் மனைவியிடமும் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். உன் புருஷனுடைய அழைப்புக்கு நீயும் சம்மதமா என்பார்கள். பெண்கள் எழுந்து சம்மதம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சமையலறையில் அடுப்பை அணைக்க மறந்துவிட்டோமோ என்று யோசித்துக்கொண்டே சொன்னவர்களும் உண்டு.

"சிஸ்டர் கார்லீன்" என்றார் ஹார்லன். "நீங்க இதுக்குச் சம்மதம்னு எங்களுக்குத் தெரியும். அதனால அத நான் கேக்கல. பிரதர் இப்ப சொன்னாரே, அதோட நீங்க ஏதாவது சேக்கணுமா?"

கார்லீன் எழுந்தாள். பெஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆமாம், அவர் ஜெபிக்கிறார் என்று சொல்லலாம். யாரும் மறுக்கப் போவதில்லை. பொய்யென்று மண்டபத்துக்கே தெரியும், தெரிந்தும் கை தட்டுவார்கள், கேக்கை வெட்டுவார்கள். கதவு திறந்தே இருக்கும். நாளைக்கு அவர் தலையில் கை வைத்து அபிஷேகம் பண்ணுவார்கள். அப்புறம் வாழ்நாள் முழுக்க அந்தப் பொய்யின்மேல் நின்றுதான் அவர் பிரசங்கம் பண்ண வேண்டும். அவர்களும் கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இல்லை, அவர் என்னிடம் சொன்னார் என்று சொல்லலாம். ஏற்கெனவே ஒரு தடவை அவர் சொன்னதை எடுத்துக்கொண்டு போய் வெளியே கொடுத்தாள். இரண்டாம் தடவையும், அவர் கண் முன்னாலேயே?

வெண்டெல் அவளைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாத கைகள். அவர்மேல் அவளுக்கு அன்பு பொங்கிக்கொண்டு வந்தது. அந்த அன்புக்கு நடுவிலும் பயமாக இருந்தது.

"பிரதர் ஹார்லன், அத என்கிட்ட கேக்காதீங்க" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "அவர்கிட்டயே இன்னொரு தடவ கேளுங்க."

வெண்டெல் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்குப் பின்னால், பெஞ்சுகளைப் பார்த்தார். குனிந்த தலைகள், கசங்கின டிஷ்யூக்கள், கண் துடைத்துக்கொண்டிருந்த நோரீன். பழுதான மிஷினின் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கிறவர். அவருக்கு எல்லாம் புரிவதற்கு நேரம் பிடிக்கவில்லை. அவர் முகத்தில் ரத்தம் ஏறி, பிறகு இறங்குவதைக் கார்லீன் பார்த்தாள்.

"பிரதர் வெண்டெல்" என்றார் ஹார்லன் மெதுவாக. "நீங்க ஜெபிக்கறீங்களா?"

"இல்ல."

யாரோ மூச்சை இழுத்துக்கொண்டார்கள்.

"நான் முன்னாடி சொன்னது பொய். இந்த இடத்துல வச்சு பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க." அவர் எழுந்து நின்றார். "ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு. சின்னப் பொண்ணு, நம்ம ஷெல்பிய விடச் சின்னது. குழந்தை பொறந்து மூச்சு விட முடியாம இருந்துச்சு. என்னைக் கூப்பிட்டாங்க. அந்தப் பொண்ணு கையப் பிடிச்சுக்கிட்டு, குழந்தை பொழைக்கும்னு ஜெபம் பண்ணேன். பொழைக்கட்டும்னு இல்ல, பொழைக்கும்னு. எனக்கு அவ்ளோ நிச்சயமா இருந்துச்சு. பொழைக்கல. அந்தப் பொண்ணு என்னத் திட்டியிருந்தா பரவாயில்ல. தேங்க்ஸ்னு சொல்லுச்சு. அதத்தான் என்னால தாங்க முடியல."

ஷெல்பி அழ ஆரம்பித்திருந்தாள். அந்த மாதிரிப் படுக்கைகளுக்குப் பக்கத்தில் தினமும் நிற்கிறவள் அவள்.

"அதுக்கப்புறம் இங்க உங்க முன்னாடி நின்னா வார்த்தை வருது. பழகின வாய். தனியா உக்காந்தா வரல. ஒண்ணுமே வரல."

பிரெட்டின் குரலில் இப்போது பளபளப்பு இல்லை. "அப்புறம் ஏன் பிரதர் தினம் ஷெட்டுக்குப் போறீங்க?"

வெண்டெல் யோசித்தார். "வேற எங்க போறதுன்னு தெரியல" என்றார்.

ஹார்லன் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். அப்புறம் குழு தனியாகப் பேச வேண்டும், சபையார் வாசலில் நில்லுங்கள், குடும்பத்தார் கீழே போய் இருங்கள் என்றார். அதுவும் வழக்கம்தான். ஆனால் வழக்கமாக அது ஒரு சம்பிரதாயம். காபி ஊற்றி முடிப்பதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். இன்றைக்குக் கதவு சாத்தின சத்தமே வேறு மாதிரி இருந்தது.

அடித்தளத்தில் யாரும் இல்லை. கேக் வெட்டப்படாமல் இருந்தது. வெண்டெல் ஒரு மடக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். டையைத் தளர்த்தினார். ஷெல்பி அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். போய் அப்பாவின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

"இந்த மாதிரி ஒரு ஆள் இருந்திருந்தா நான் சர்ச்ச விட்டே போயிருக்க மாட்டேன்ப்பா" என்றாள். "நான் மேல போயி சனங்களுக்குக் காபி குடுக்கறேன்." காபிப் பாத்திரத்தைத் தொடாமல், வெறும் கப்புகளை மட்டும் தட்டில் அடுக்கிக்கொண்டு படியேறினாள். அவள் எதற்காகப் போனாள் என்று இருவருக்கும் தெரியும்.

கார்லீன் அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார் வெண்டெல்.

"எல்லாருக்கும்."

"எப்படி?"

"நோரீன்கிட்ட சொன்னேன். அவ மட்டும் ஜெபிக்கட்டும்னு. அவ சங்கிலியில போட்டுட்டா. காலையிலதான் எனக்கே தெரிஞ்சுது. வண்டியில சொல்லணும்னுதான் வாயெடுத்தேன், வெண்டெல். சத்தியமா. நீ மூச்சு வருதுன்னு சொன்ன. எனக்குச் சொல்ல வரல."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தி, அழுது, ஒரு வழியாக முடிந்திருக்கும். முப்பது சொச்சம் வருஷத்தில் அப்படி முடிந்தவை எத்தனையோ.

"ஜெபத்துக்காகச் சொன்ன" என்றார்.

"ஜெபத்துக்காகத்தான். உனக்கு நல்லது நடக்கணும்னுதான்."

"தெரியும்."

"மேல என்ன சொல்வாங்கன்னு நெனக்கற?"

"அது எதுவா இருந்தாலும் பரவாயில்ல. நீ இன்னொரு தடவ கேளுங்கன்னு சொன்ன பாரு, அதுக்கு உனக்கு நான் நன்றி சொல்லணும். இல்லன்னா நான் அந்தப் பொய்யிலயே கெடந்திருப்பேன். உண்மையா சொல்றேன்."

கார்லீன் கையை நீட்டினாள். அவர் அதைத் தள்ளவில்லை. பிடிக்கவும் இல்லை.

மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. படிக்கட்டின் உச்சியிலிருந்து ஹார்லனின் குரல் வந்தது. "பிரதர் வெண்டெல்! சிஸ்டர்! வாங்க, முடிவு பண்ணிட்டோம்."

அந்தக் குரலில் நல்ல சேதியா கெட்ட சேதியா என்று கார்லீனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் பாதி எழுந்துவிட்டாள். வெண்டெல் எழவில்லை.

"வெண்டெல், கூப்பிடறாங்க."

"கூப்பிடட்டும். முதல்ல நீ சொல்லு."

"என்ன சொல்லணும்?"

அவர் அவளைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் முகத்தில் வெறும் கேள்விதான் இருந்தது. பதில் தெரியாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்று உண்மையாகவே கேட்கிற கேள்வி.

"கடவுள்கிட்டதான் என்னால பேச முடியல. உன்கிட்டயாவது முடிஞ்சுது. இனிமே நான் யார்கிட்ட சொல்றது, கார்லீன்?"

மேலேயிருந்து ஹார்லன் இன்னொரு தடவை கூப்பிட்டார். கார்லீன் நாற்காலியில் மறுபடியும் உட்கார்ந்தாள்.